கம்பியில்லா வலையமைப்புகளும் அலைவரிசைப் பங்கீடும்

நிலத்தையும் நீரையும் எல்லை வகுத்துப் பங்கிட்டு வாழும் வழக்கம் மாந்தர்க்கு மிகப் பழையது. காணிக்கு வேலி உண்டு; கிணற்றுக்குப் பங்கு உண்டு; ஒழுங்கைக்கு வழியுரிமை உண்டு. ஆயின், கண்ணுக்குப் புலப்படாது எல்லார் வீட்டினுள்ளும் ஒருங்கே நிறைந்து நிற்கும் பொதுச்சொத்து ஒன்றும் இன்று நமக்கு உண்டு. கம்பியில்லாத் தொடர்பு நிகழும் மின்காந்த அலைவெளியே அது. அதனைப் பங்கிடும் முறையை அறியாமையால் அயலவர் ஒருவர்க்கொருவர் இடையூறு செய்கின்றனர். செய்கின்றோம் என்பதையும் அறியாதிருக்கின்றனர். அவ்விடையூறு எவ்வாறு உண்டாகின்றது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பவற்றை மாணவர்க்கு விளங்குமாறு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். யான் பௌதிகவியலை முறையாகப் பயின்றவன் அல்லேன், கலைப் பட்டதாரி. ஒரு தேவை நேர்ந்தமையால் இத்துறையை நாடினேன். குற்றங் காணின் துறைவல்லார் பொறுத்தருள்க.

அத்தேவை யாதெனிற் கூறுவேன். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, இணையவழியாகக் கற்பித்தல் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். நான் வாழும் ஒழுங்கையில் நான்கு வீடுகள் நெருங்கி நிற்கின்றன. நான்கிலும் ரவுட்டர் எனப்படும் கருவி உண்டு. நான்கிலும் மாலை வேளையிற் பாடம் நடக்கும். அவ்வேளையில் என் குரல் துண்டு துண்டாகவே மாணவரை அடைந்தது. அடுத்த வீட்டிலிருந்து என்னிடம் வரலாறு கற்ற மாணவி ஒருத்தி, “சேர், நீங்கள் சொன்ன காரணங்களில் மூன்றாவது வரவேயில்லை” என்று வேலிக்கு அப்பால் நின்று கூறினாள். மதிலருகே கேட்கக்கூடிய குரல், கருவி வழியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் தத்தமக்கு இணைப்பு வழங்கிய நிறுவனத்தையே குறை கூறினர். ஒருவர் பல கொம்புகள் பொருந்திய வலிய கருவி ஒன்றை வாங்கினார். அதன்பின் ஏனை மூவர் நிலையும் முன்னையினும் மோசமாயிற்று. நானும் அத்தகைய கருவி ஒன்றை வாங்க எண்ணியிருந்தேன் என்பதை மறைத்தல் முறையன்று.

இனி, பொருளினுட் புகுவோம். வானொலியும் கைத்தொலைபேசியும் வைஃபை எனப்படும் வீட்டு வலையமைப்பும் மின்காந்த அலைகளையே ஊர்தியாகக் கொண்டுள்ளன. ஓர் அலை செக்கன் ஒன்றுக்கு எத்தனை தடவை அதிர்கின்றதோ, அத்தொகை அதன் மீடிறன் எனப்படும். வீட்டு வலையமைப்பின் அலை செக்கனுக்கு ஏறத்தாழ 240 கோடித் தடவை, அஃதாவது 2,400 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்வது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12½ சென்ரிமீற்றர். வெளியெங்கும் பல அலைகள் ஒரே வேளையிற் பரவினும், வாங்கியானது தனக்குரிய மீடிறனை மட்டும் தெரிந்தெடுக்க வல்லது. ஆயின், இரு செலுத்திகள் ஒரே மீடிறனிலோ, நெருங்கிய மீடிறன்களிலோ ஒரே வேளையில் இயங்கின், வாங்கி அவற்றைப் பிரித்தறியமாட்டாது தடுமாறும். இதுவே குறுக்கீடு. இரவில் மத்திய அலையில் இலங்கை வானொலியைத் தேடிய மூத்தோர், இரு நிலையங்கள் ஒன்றுடனொன்று கலந்து சீழ்க்கையிடுவதைக் கேட்டிருப்பர். அச்சீழ்க்கையும் இவ்வினத்ததே.

இத்தொல்லை புதியதன்று; கம்பியில்லாத் தந்தி தோன்றிய காலத்திலேயே அதுவும் தோன்றியது. 1912ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் நாள் இரவு, பனிக்கட்டிகளிடையே நின்றுவிட்ட கலிபோர்ணியன் என்னும் கப்பலின் தந்தியாளர், அயலிற் சென்ற டைட்டானிக் கப்பலுக்கு எச்சரிக்கை விடுத்தார். அவ்வேளை டைட்டானிக் கப்பலின் தந்தியாளர், தூரத்து நியூபவுண்லாந்தின் கேப் றேஸ் நிலையத்துடன் பயணிகளின் செய்திகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார். அண்மைக் கப்பலின் வலிய ஒலி, தூர நிலையத்தின் மெல்லொலியை மூடிற்று. சினந்த அவர் குறுக்கிடாதிருக்குமாறு பணித்தார். கலிபோர்ணியனின் தந்தியாளர் சிறிது நேரத்திற் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். சில நிமிடங்களில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதிற்று. 1,500 பேர்க்கு மேல் மாண்ட அத்துயரத்துக்கு இஃதொன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், ஒழுங்கின்றி யாவரும் ஒரே வெளியிற் பேசுவதன் தீமையை உலகம் அன்று உணர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே, அனுமதிப்பத்திரமின்றிச் செலுத்தி இயக்குதலைத் தடுக்கும் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறியது.

அச்சட்டமும் முற்றுப்பெற்றதாக இருக்கவில்லை. தனக்கு ஒதுக்கப்படாத அலைவரிசையிற் சிக்காகோவின் செனித் நிறுவனம் ஒலிபரப்பியபோது, 1926ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் நீதிமன்றம், அலைவரிசையை வரையறுக்கும் அதிகாரம் வர்த்தகச் செயலாளருக்கு இல்லையெனத் தீர்ப்பளித்தது. கட்டுப்பாடு தளர்ந்தது. நிலையங்கள் தாம் விரும்பிய அலைவரிசைக்குத் தாவின. தாம் விரும்பியவாறு வலுவைக் கூட்டின. சில மாதங்களில் ஏறத்தாழ 200 புதிய நிலையங்கள் முளைத்தன. யாவரும் உரக்கப் பேசினர். எவர் பேச்சும் கேட்கவில்லை. 1927ஆம் ஆண்டு பெப்ரவரியில் புதுச்சட்டம் இயற்றி, ஆணைக்குழு ஒன்றை நிறுவிய பின்னரே ஒழுங்கு மீண்டது. குறுக்கீட்டுக்கு மருந்து குரலை உயர்த்துவதன்று, இடத்தைப் பங்கிடுவதே என்பது இவ்வரலாறு காட்டும் பாடம்.

வானொலி நிலையங்களுக்கு அரசு அலைவரிசை வகுத்துக் கொடுக்கின்றது. வீட்டு ரவுட்டருக்கு அவ்வாறு வகுத்துக் கொடுப்பார் எவரும் இலர். ஏனெனில், அது இயங்கும் பட்டை பொதுப்பட்டையாகும். நுண்ணலை அடுப்பு முதலிய கருவிகளின் கதிர்ப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்த பட்டைகளை, உரிமம் வேண்டாத சிறுவலுத் தொடர்புக்கும் பயன்படுத்தலாம் என 1985ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு விதி செய்தது. 1997ஆம் ஆண்டில் வைஃபையின் முதல் நியமம் வெளிவந்தது. உரிமம் வேண்டாமையாலேயே அது வீடுதோறும் பரவியது. அக்காரணத்தாலேயே நெரிசலும் உண்டாயிற்று. அப்பொதுப்பட்டையில் நாம் யாவரும் சமவுரிமையாளர். ஆதலின், ஒழுங்கு செய்யும் பொறுப்பும் நம்முடையதே.

அப்பட்டையின் அளவைச் சிறிது கணித்துப் பார்ப்போம். அது 2,400 தொடக்கம் 2,483.5 மெகாஹேர்ட்ஸ் வரை விரிந்துள்ளது. இவ்விடைவெளியில் 1 முதல் 13 வரை இலக்கமிட்ட அலைவரிசைகள் உள. 1ஆம் அலைவரிசையின் மையம் 2,412, அடுத்தது 2,417, இவ்வாறு ஐந்தைந்தாக உயர்ந்து 13ஆவது 2,472இல் முடியும். பதின்மூன்று அலைவரிசைகள் இருத்தலின் பதின்மூன்று வீட்டார் இடரின்றி வாழலாம் எனத் தோன்றும். அஃது உண்மையன்று. மையங்களுக்கிடையே 5 மெகாஹேர்ட்ஸே உண்டு; ஆனால், ஒவ்வொரு வலையமைப்பும் 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை நிரப்புகின்றது. நான்கு முழ அகலமுள்ள வண்டிகளை ஒவ்வொரு முழத்துக்கு ஒன்றாக நிறுத்த முயல்வது போன்றது இது. 1ஆம் அலைவரிசை 2,402 தொடக்கம் 2,422 வரை பரவும். 6ஆம் அலைவரிசை 2,427 தொடக்கம் 2,447 வரை. 11ஆம் அலைவரிசை 2,452 தொடக்கம் 2,472 வரை. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இடையே சிறிது வெளிவிட்டு நிற்கின்றன. ஆகவே, பதின்மூன்று எனத் தோன்றுவன உண்மையில் மூன்றேயாம்.

இதனை அறியாத ஒருவர், 1இலும் 6இலும் அயலவர் இருப்பதைக் கண்டு, நடுவேயுள்ள 3ஆம் அலைவரிசை வெறுமையாயுள்ளது எனக் கருதி அதனைத் தேர்ந்தால் யாதாகும்? 3ஆவது 2,412 தொடக்கம் 2,432 வரை பரவும். அது 1ஆம் அலைவரிசையின் பாதியிலும் 6ஆம் அலைவரிசையின் காற்பங்கிலும் மிதித்து நிற்கும். ஒருவர்க்கும் தொல்லை தரலாகாதென விலகி நின்றவர் இருவர்க்கும் தொல்லை தந்தவராவார்; தாமும் இருவராலும் இடர்ப்படுவார்.

அவ்வாறாயின் அயலவர் இருக்கும் அலைவரிசையிலேயே நாமும் இருத்தல் அதனினும் தீதன்றோ என மாணவர் வினவுவர். தீதன்று, பலவேளை அதுவே நன்று. அதன் காரணம், வைஃபை கருவிகள் பின்பற்றும் உரையாடல் விதியில் உள்ளது. ஒரு கருவி செய்தி அனுப்புமுன், தன் அலைவரிசையில் எவரேனும் பேசுகின்றனரா எனச் செவிமடுக்கும். பேச்சுக் கேட்பின் பொறுத்திருக்கும். அமைதி உண்டானதும் உடனே பேசாது, 0 தொடக்கம் 15 வரை எழுமாறாக ஓர் எண்ணைத் தேர்ந்து, அத்தனை சிறு கணங்கள் கழித்தே பேசும். காத்திருந்த இருவர் ஒருங்கே பேசத் தொடங்குவதைத் தவிர்த்தற்கே இவ்வேற்பாடு. செய்தியைப் பெற்ற கருவி, பெற்றமைக்கு அறிகுறி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அது வாராதாயின், செய்தி மோதிக் கெட்டதெனக் கொண்டு, முன்னையிலும் இரட்டித்த எல்லையினின்று எண்ணைத் தேர்ந்து மீண்டும் முயலும். மோதல்கள் தொடரின் அவ்வெல்லை 1,023 வரை உயரும்.

எமது ஊர்களில் உள்ள பங்குக் கிணற்றை இங்கு நினைத்துக்கொள்க. இறைப்பு முறை ஒருவர்க்கு வந்தவேளை மற்றவர் காத்திருப்பர். அதனால் நீர் தாமதிக்கும். ஆயினும் தோட்டம் வாடாது. ஒரே அலைவரிசையைப் பகிரும் இரு வலையமைப்புகளும் இவ்வாறே முறைவைத்து இயங்கும். இருவரும் ஓயாது பயன்படுத்தும் வேளையில் ஒவ்வொருவர்க்கும் ஏறத்தாழப் பாதி நேரமே கிடைக்கும்; எனினும், கிடைத்த நேரம் பழுதின்றிப் பயன்படும்.

பாதி மிதித்து நிற்கும் அயலவர் நிலை வேறு. அவர் பேச்சு நம் கருவிக்குப் பேச்சாக விளங்காது. வெறும் இரைச்சலாகவே கேட்கும். தன் அலைவரிசைக்குரிய செய்தி எனத் தெரிந்தால், கருவி மிக மெல்லிய சைகையையும் மதித்துப் பொறுக்கும். விளங்காத இரைச்சலாயின், அது நியமப்படி 20 டெசிபல், அஃதாவது 100 மடங்கு வலியதாக இருந்தாலன்றிப் பொறுக்கமாட்டாது, மேலிட்டுப் பேசிவிடும். இருவர் செய்தியும் கெடும், இருவரும் மீண்டும் அனுப்புவர், மீண்டும் கெடும். முறை தெரிந்த பங்காளியுடன் ஒரு கிணற்றைப் பகிரலாம்; முறை தெரியாது பக்கத்தில் நின்று நீரைக் கலக்குபவருடன் பகிர்தல் இயலாது. ஆதலின், 1, 6, 11 என்பவற்றுள் ஒன்றிற் கூடியிருத்தல், 3இலோ 8இலோ தனித்திருத்தலினும் பெரும்பாலும் சிறந்தது.

மூன்று அலைவரிசைகளைப் பல வலையமைப்புகளுக்கு வகுத்தல், தேசப்படத்துக்கு நிறந் தீட்டுதல் போன்ற கணக்காகும். அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறலாகாது என்பது விதி. எத்தகைய தேசப்படத்துக்கும் நான்கு நிறங்கள் போதும் என்ற ஊகத்தை 1852இல் பிரான்சிஸ் கத்திரி முன்வைத்தார். 1976இலே அப்பெல், ஹேக்கன் என்னும் இருவர் கணனியின் துணைகொண்டு அதனை நிறுவினர். நமக்கோ மூன்று நிறங்களே உள. தேனடை போன்று ஒழுங்காக அறுகோணங்கள் அடுக்கப்பட்ட இடத்தில் மூன்றும் போதும். நடு அறுகோணத்துக்கு 1 கொடுத்தால், சுற்றியுள்ள ஆறுக்கும் 6, 11, 6, 11 என மாறிமாறிக் கொடுக்கலாம். கல்லூரி, மருத்துவமனை போன்ற பெருங்கட்டடங்களிற் கருவிகளை நிறுத்துவோர் இம்முறையைப் பின்பற்றுவர். வீடுகள் தேனடை போல அமைவதில்லை. நான்கு வீட்டார் நால்வரும் ஒருவரையொருவர் கேட்கும் நிலையில் இருப்பின், மூன்று நிறம் போதாது. இருவர் ஒன்றைப் பகிர்ந்தே ஆகல் வேண்டும். அவ்வேளை, ஒருவரையொருவர் மிகக் குறைவாகக் கேட்கும் இருவரைப் பகிரச் செய்தலே நீதி. வீடுகள் பெருகுங்கால், மூன்று நிறத்தால் இயலுமா இயலாதா என விரைந்து தீர்மானிக்கும் பொதுமுறை எதனையும் கணிதவியலார் இன்னும் கண்டிலர். ஆயின், சிறிய ஒழுங்கை ஒன்றுக்குத் தாளும் பென்சிலும் போதும்.

1, 5, 9, 13 என நான்காகப் பிரித்தல் இயலாதோ எனிற் கணக்கின்படி இயலும். 20 மெகாஹேர்ட்ஸ் வீதம் அவை விளிம்போடு விளிம்பாகப் பொருந்தும். ஆனால், இடைவெளி சிறிதும் இன்மையால் ஒன்றினது சிந்தல் மற்றதிற் புகும். அமெரிக்கச் சந்தைக்கென ஆக்கப்பட்ட கருவிகள் சில 13ஐ அறியா. அன்றியும், அயலில் ஒருவரேனும் 6இல் நிற்பாராயின், அவர் 5ஐயும் 9ஐயும் மிதித்து நிற்பார். யாவரும் ஒருமித்தாலன்றி இவ்வொழுங்கு பயன்தராது.

இனி, வலுவைப் பற்றிக் கூறல் வேண்டும். வலிய கருவியை வாங்கியவர் தம் குரல் தூரஞ் செல்லுமென எண்ணினார், அது சென்றது. ஆயின், தொடர்பு என்பது இருவழிப்பட்டது. ரவுட்டரின் உரத்த குரலைக் கைத்தொலைபேசி கேட்கும்; கைத்தொலைபேசியின் மெலிந்த மறுமொழி முன்னிருந்த அளவிலேயே நிற்கும். ஆகவே, உரியவர்க்குக் கிடைத்த நன்மை சிறிது. அயலவர்க்கு நேர்ந்த இடையூறு பெரிது. வெற்றுவெளியில் அலையின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். எனவே, வலுவைப் பாதியாக்கினால் எட்டும் தூரம் ஏறத்தாழப் பத்தில் ஏழாகச் சுருங்கும். சூழும் நிலப்பரப்புப் பாதியாகும். ரவுட்டரை வேலியோரத்து அறையினின்று வீட்டின் நடுவுக்கு மாற்றி, வலுவைத் தேவையான அளவுக்குக் குறைத்தால், தம் வீட்டுக்கும் குறைவு நேராது, அயல்வீட்டுக்கும் தொல்லை நேராது.

அகலத்திலும் அடக்கம் வேண்டும். சில கருவிகளில் 40 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. விரைவு இரட்டிக்கும் என்ற ஆசையால் இதனைத் தெரிவோர், 83.5 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் ஏறத்தாழப் பாதியைத் தாமே கைக்கொள்கின்றனர். நெருங்கிய குடியிருப்பில் இது தகாது. வேகம் வேண்டுவோர்க்கு 5,000 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டை உண்டு. அங்குத் தனித்தனி அலைவரிசைகள் பல உள. சுவர்களால் அவ்வலை கூடுதலாக மெலிதலின், அயல்வீட்டை எட்டுவதும் குறைவு. ஒரு பட்டைக்குக் குறையாவது இன்னொரு நோக்கில் நிறையாதல் காண்க. அப்பட்டையின் சில பகுதிகளை வானிலை ராடர்களும் பயன்படுத்துகின்றன. அப்பகுதிகளில் இயங்கும் ரவுட்டர் முதலில் 60 செக்கன் செவிமடுத்து, ராடர் இன்மையை உறுதிசெய்தே பேசத் தொடங்கல் வேண்டும். பின்னர் ராடர் ஒலிப்பின் 10 செக்கனுள் விலகல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவும், அடுத்த ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் 6,000 மெகாஹேர்ட்ஸை அடுத்த புதுப்பட்டையையும் இத்தேவைக்குத் திறந்துள்ளன.

கருவியே தன்னியக்கமாக நல்ல அலைவரிசையைத் தெரிந்துகொள்ளாதோ எனச் சிலர் வினவலாம். பல கருவிகள் தெரிகின்றன. ஆனால், பல ரவுட்டர்கள் தொடங்கும் வேளையிற் சுற்றும் பார்த்துத் தெரிந்தபின், நெடுநேரம் அதனிலேயே நிற்கும். மின்வெட்டின்பின் மின்சாரம் மீளும்போது, ஒழுங்கையின் எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் விழித்தெழுகின்றன. ஒவ்வொன்றும் செவிமடுக்கும், எவரும் பேசாமையால், எவ்விடமும் வெறுமையெனக் கருதி யாவும் ஓரிடத்திற் கூடினும் கூடலாம். அன்றியும், கருவி தன் காதுக்கு எட்டியதையே அறியும். கிழக்கு வீட்டு ரவுட்டரும் மேற்கு வீட்டு ரவுட்டரும் ஒன்றையொன்று கேளாதிருக்க, நடுவீட்டிலுள்ள தொலைபேசி இருவர் பேச்சும் மோதும் களத்தில் அகப்பட்டுக்கொள்ளும். இம்மறைவை உணர, கருவியினும் அயலவர் கூடிப் பேசுதலே உதவும்.

எமது ஒழுங்கையில் நேர்ந்ததைக் கூறி முடிப்பேன். கைத்தொலைபேசியிற் பதியத்தக்க செயலி ஒன்றால் ஆராய்ந்தபோது, நான்கு வீடுகளும் முறையே 6, 6, 8, 3 என்னும் அலைவரிசைகளில் நின்றமை தெரிந்தது. 8இல் நின்றது என் கருவி. அதனை யாரும் அணுகாத நல்லிடம் என நானே தெரிந்திருந்தேன். மாணவியின் மூன்றாவது காரணத்தை விழுங்கியவற்றுள் என் கருவியும் ஒன்று. ஒரு ஞாயிறு மாலை நால்வரும் என் வீட்டுத் திண்ணையிற் கூடினோம். ஒழுங்கையின் படத்தை வரைந்து, இரு அந்தத்து வீடுகளுக்கும் 1ஐயும், நடுவீடுகளுக்கு 6, 11 என்பவற்றையும் வகுத்தோம். வலிய கருவி வாங்கியவர் முதலில் தயங்கினார். பணங் கொடுத்து வாங்கிய வலுவைக் குறைத்தல் அவர்க்கு நட்டமாகத் தோன்றியது. தம் பிள்ளையின் பாடமும் அறுபடுவதை எண்ணிப் பின்னர் இசைந்தார். தொல்லை முற்றாக ஒழிந்ததெனக் கூறேன். கம்பிவழி வரும் குறைபாட்டுக்கு அலைவரிசை மருந்தாகாது. ஆயினும், பாடம் அறுபடுவது பெரிதும் குறைந்தது. அன்று செலவானது ஒரு தேநீர் வேளையே.

மாணவர்களே, நுங்கள் வீட்டு ரவுட்டர் எந்த அலைவரிசையில் நிற்கின்றது, அயலவர் எங்கு நிற்கின்றனர் என்பதை ஒருநாள் ஆராய்ந்து பாருங்கள். 1, 6, 11 என்பவற்றுள் ஒன்றைத் தெரியுங்கள். 20 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் விரியாதீர்கள். வேண்டிய வலுவை மட்டும் கொள்ளுங்கள். இயன்ற கருவிகளை 5,000 மெகாஹேர்ட்ஸ் பட்டைக்கு மாற்றுங்கள். அசையாது ஓரிடத்தில் நிற்கும் கணனியைக் கம்பியால் இணைத்து, அலைவெளியை இயங்குவனவற்றுக்கு விடுங்கள். அனைத்துக்கும் மேலாக, வேலிக்கு அப்பாலுள்ளவருடன் பேசுங்கள். காணிக்கு எல்லை குறிக்க நில அளவையாளர் உளர். பிணக்கைத் தீர்க்க நீதிமன்றம் உண்டு. பொதுப்பட்டையில் அளவையாளர் அயலவர் இணக்கமே என்பது துணிபு.